தலைவருக்காக அழுத ஒரே ஜீவன்

பாகூர்ப் பக்கம் போய் அருள்தாஸ் வீடு எது என்று கேட்டால் விழிப்பார்கள். டெம்பரவரி வீடு என்று கேளுங்கள், வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். மதகடிப்பட்டுக்கு அருகே ஒரு தனியார் கல்லூரியில் அவன் மக்கள் தொடர்பு அலுவலர். சேர்ந்த நாளிலிருந்து தற்காலிகம்தான். அவனுக்குப் பின்னால் வந்த தோட்டக்காரர்கூட நிரந்தரமாகிவிட்டார். கோயில் திருவிழாவுக்கு வரும் மைத்துனன்மார், "இன்னா மாமா, இந்த வருசமும் டெம்பரவரிதானா?" என்று சிரிப்பார்கள். மனைவி ஸ்டெல்லா உள்ளே போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அந்த ஈரம் அவன் நெஞ்சைச் சுட்டது.

கல்லூரித் தலைவர் சண்முகசுந்தரம் வில்லியனூரில் இரும்புக் கடை வைத்து உயர்ந்தவர். நிறுத்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். மக்கள் தொடர்பை எந்தத் தராசில் வைப்பது என்று தவித்துக் கிடந்தவரைக் காக்க வந்தாள், மேலாண்மை படித்த மருமகள் ஹேமலதா.

"மாமா, பேனர்ல உங்க போட்டோ எவ்ளோ பெருசோ அவ்ளோ மார்க். கூட்டு ரோட்டுல வச்சா டபுள் மார்க். ஆபீசுக்கு வர்ற போனுக்குத் தனி மார்க்."

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மருமகள் யாருக்கு வாய்க்கும்! கல்லூரியைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது, வரும் பெற்றோருக்கு யாராவது நாற்காலி போடுகிறார்களா என்பதற்கெல்லாம் மார்க் கிடையாது. அவற்றை டேப் வைத்து அளக்க முடியாதே.

அன்றுமுதல் மாணவர் வீட்டில் காதுகுத்து என்றாலும் சாவு என்றாலும் கல்லூரி பேனர் முளைத்தது. விசேஷத்துக்கு உரியவர் ஓரத்தில் இருப்பார். நடுவில் தலைவர். ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனரில் அவர் முறுக்கு மீசையோடு நடுநாயகமாகச் சிரித்ததைப் பார்த்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அருள்தாஸுக்கு மார்க் ஏறியது. மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் கரையாம்புத்தூரில் சுப்பராயலு என்ற விவசாயி காலமானார். அவர் பேரன் கல்லூரி மாணவன். அருள்தாஸ் பேனர் கடைச் செல்லப்பனுக்குப் போன் போட்டான்.

"கண்ணீர் அஞ்சலி ஒண்ணுண்ணே. எங்க ஐயா போட்டோவ ஆளுயரத்துக்குப் போடு."

"செத்தவரு?"

"அவரு ஓரமா இருக்கட்டும்."

"கரையாம்புத்தூர்லதான கட்டணும்?"

"அங்க எவன் பாக்கறான்? மதகடிப்பட்டு கூட்டு ரோட்டுல கட்டு. டபுள் மார்க்குபா!"

கரையாம்புத்தூரில் கட்டியிருந்தால் செத்தது யார் என்று குழந்தைக்கும் தெரிந்திருக்கும். மதகடிப்பட்டில் சுப்பராயலுவை யார் கண்டார்கள்? கறுப்புத் திரை, சொட்டும் கண்ணீர்த்துளி, நடுவில் தலைவர். டீக்கடைக்காரர் கடையைப் பாதி சாத்தினார். யாரோ ஒரு புண்ணியவான் மாலையும் போட்டுவிட்டார். செய்தி காற்றாய்ப் பறந்தது.

மணப்பட்டு மீனவர் வீடுகளில் மாணவர் சேர்க்கைக்காகப் பேசிக்கொண்டிருந்தான் அருள்தாஸ். ஒருவர் ஓடிவந்தார்.

"இன்னாபா இங்க நிக்கிற? உங்க காலேஜி ஐயா பூட்டாராமே!"

அவன் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நாளை நிரந்தர ஆணையில் கையெழுத்திட வேண்டிய கை அல்லவா! "ஒரு நாள் தள்ளிப் போயிருக்கக் கூடாதா, ஐயா!" என்று கதறியபடியே பைக்கை விரட்டினான். மதகடிப்பட்டு வந்ததும் பேனர் கண்ணில் பட்டது. அவன் சொல்லிக் கட்டிய பேனர். அடியில் அவன் பெயர். அழுகை சட்டென்று நின்றது. பிறகு, தலைவர் உயிரோடுதான் இருக்கிறார் என்பது உறைத்ததும், முன்னைவிடப் பலமாகப் பொங்கியது.

கல்லூரியில் தலைவர், "அந்தப் படுபாவி வரட்டும்" என்று கொதித்துக்கொண்டிருந்தார். போன் ஓயவில்லை. ஒன்றை அவரே எடுத்தார்.

"ஹலோ, காலேஜிங்களா? ஐயா தவறிட்டாராமே. நாளைக்கு லீவா சார்?"

அடுத்த போனும் அதுதான். அதற்கடுத்ததில் பேசியவர் அந்தக் கல்லூரியின் பேராசிரியர்.

"ஏம்மா, ஒருத்தனாவது நான் எப்படிச் செத்தேன்னு கேட்டானா?" தலைவரின் குரல் உடைந்தது.

"இல்ல மாமா. ஆனா போன் கணக்குல இதுதான் ரெக்கார்டு. நம்ம முறைப்படி பாத்தா அருள்தாஸுக்கு ஃபுல் மார்க்" என்றாள் ஹேமலதா.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து தலைவரின் காலில் விழுந்தான் அருள்தாஸ். "ஐயா... ஐயா..." என்று அரற்றினான். வேலை போன துக்கம் கண்ணீராய்க் கொட்டியது.

தலைவர் உதைக்கத் தூக்கிய காலைக் கீழே வைத்தார். குனிந்து பார்த்தார். கண்ணீர்! அசல் கண்ணீர்!

"இந்த உலகத்துல எனக்காக அழுவறது நீ ஒருத்தன்தான்டா!"

தலைவரும் அழுதார். அவர் அழுவதைக் கண்டு, பக்கத்தில் நின்ற கல்லூரி முதல்வரும் எதற்கும் இருக்கட்டும் என்று கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். ஹேமலதாவின் கண் மட்டும் காய்ந்திருந்தது.

"நெஜமா மாமாவுக்காகவா அழுவுறீங்க?"

"சத்தியமா மேடம். ஐயா இல்லன்னா எனக்குக் கையெழுத்துப் போட வேற யாரு இருக்கா?"

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. தலைவருக்கு அது பாசமாகக் கேட்டது. அங்கேயே ஆணையைக் கொண்டுவரச் சொல்லிக் கையெழுத்திட்டார். கூடவே முதல் உத்தரவும் பிறந்தது: தலைவர் நலமாக இருக்கிறார் என்று பொழுது சாய்வதற்குள் எல்லாக் கூட்டு ரோட்டிலும் பேனர் கட்டவேண்டும்.

அந்நேரம் கரையாம்புத்தூரில் சுப்பராயலுவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கல்லூரியிலிருந்து யாரும் போய் நிற்கவில்லை. அதற்கு மார்க் இல்லை.

ஸ்டெல்லா போனில் அழைத்தாள். "இன்னாங்க, உங்க ஐயா செத்துட்டாராமே? இனிமே பர்மனெண்டு அவ்ளோதானா?"

"அவரு நல்லாத்தான்டி இருக்காரு. நான் பர்மனெண்டு ஆயிட்டேன்."

"நெஜமாவா! அப்பறம் இன்னாத்துக்கு இன்னும் அழுதுகினு இருக்கீங்க?"

"ஐயா பாத்துகினு இருக்காரு. போன வை."