விழவில்லை என்று சொன்னோம்

உரும்பிராயில் எங்கள் புகையிலைத் தோட்டத்துக்குக் கிணற்றிலிருந்துதான் தண்ணீர். தம்பியும் நானும் ஏற்றத்தின் நீண்ட மரமான துலாவை மிதிப்போம். மேலே ஏறி இருவரும் ஒன்றாக நடந்து ஒன்றாகத் திரும்ப வேண்டும். அன்று எனக்குப் பசி, எரிச்சல். நான் முந்தித் திரும்பினேன். துலா உதறியது. அவன் கிணற்றுக்கட்டில் இடப்பக்கம் அடிபட விழுந்தான்.

அன்று அவனுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. மறுநாள் தெளிந்தது. அவனுக்கு இணுவிலில் கலியாணம் பேசியிருந்தோம். அடிபட்ட மாப்பிள்ளை என்று கதை போனால் பெண்வீட்டார் விலகிவிடுவார்கள் என்று எங்கள் தகப்பன், அப்பு, பயந்தார்.

"ஒருத்தரிட்டையும் கதைக்கக்கூடாது."

எனக்கு அது வசதியாக இருந்தது.

மூன்றாம் வாரம் காய்ச்சல் வந்தது, இடுப்பு வீங்கியது. ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் அழுத்திப் பார்த்தார். சிறுநீரகத்தைச் சுற்றி ஏதோ தேங்கியிருக்கிறது என்றார். சீழோ, சயரோகமோ, கல்லால் வந்ததோ, அவருக்குப் பிடிபடவில்லை.

"எங்கையும் விழுந்தவனோ?"

"இல்லை ஐயா," என்றார் அப்பு. நான் சுவரைப் பார்த்தேன்.

டாக்குத்தர் போனதும் தம்பி சிரித்தான். "அண்ணை, நான் விழேல்லையாம். அப்ப கிணத்துக்கட்டு வந்து என்னிலை விழுந்ததோ?"

சீழ்க்கட்டி என்று நினைத்து ஒத்தடம் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் ஊசி குத்தி இழுத்தார்கள். மஞ்சளாகத் தண்ணீர் வந்தது. டாக்குத்தர் அதை முகர்ந்து பார்த்தார்.

"சீழ் கொஞ்சம்தான். மிச்சம் மூத்திரம். இவனுக்குச் சிறுநீரகம் கிழிஞ்சிருக்கு. ஆர் பொய் சொன்னது?"

அப்பு கதவுப் பக்கம் திரும்பினார்.

"துலாவாலை விழுந்தவன்," என்றேன். "நான்தான் முந்தித் திரும்பினனான்."

"அஞ்சு நாளுக்கு முந்தியெல்லோ கேட்டனான்," என்றார்.

அன்றே வெட்டி வடியவிட்டார்கள். நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. மூன்றாம் நாள் காலை அவன் செத்தான்.

செத்தவீட்டுக்குப் பெண்ணின் தகப்பன் வந்தார். அப்புவிடம் சொன்னார்: "துலாவாலை விழாதவன் ஆர்? நானும் ரண்டுதரம் விழுந்தனான். எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

அப்புவை நான் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

தோட்டம் காயுமே என்று இன்னும் துலா மிதிக்கிறேன். இப்போது என்னோடு மிதிப்பவன் கூலியாள். திரும்பும் இடம் வந்ததும் என் கால் நிற்கிறது. பின்னால் தம்பியின் கால் திரும்பட்டும் என்று காத்து நிற்கிறேன்.

"என்ன, நித்திரையோ?" என்று கீழே தண்ணீர் இறைக்கும் பட்டையைப் பிடிப்பவன் ஏசுகிறான்.