தாராவும் தெரிய வேணும்

போன மாதம் நிலாவெளியில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். கடற்கரையோரத்து ஹோட்டல். முற்றத்தில் சீமெந்தால் கட்டிய ஒரு சின்னக் குளம், அதில் சில வெள்ளை வாத்துகள். படமெடுக்க வந்தவர் மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் கரையில் நிறுத்திவிட்டு, வாத்துகள் பின்னால் வரிசையாக நீந்திவர வேண்டுமென்று படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். வாத்துகளுக்கு வேறு யோசனை. ஒன்று கரையேறி வந்து கூறைச்சேலையின் முந்தானையைக் கவ்விக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த நேரம் பார்த்துக் காற்று என் பக்கம் திரும்பியது. நனைந்த இறகு, சேறு, ஊறிப்போன சோறு எல்லாம் கலந்த ஒரு மணம். சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நான் குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சானில் ஒரு குளத்தங்கரைக்குப் போய்விட்டேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், என் முதல் உத்தியோகமே தாராக்களைப் படமெடுப்பதுதான். எங்கள் பக்கத்தில் குள்ளமாய், அசைந்து அசைந்து நடப்பது தாரா. கழுத்து நீண்டு, ஆளைக் கண்டால் சீறுவது வாத்து. இந்த வித்தியாசத்தையே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். நான் படித்தது வர்த்தகம். கமராவைத் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் யாராவது தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கினால்தான் மாமாவிடமிருந்து ஒரு கமரா இரவலாக வரும், அன்றே திரும்பிப் போய்விடும்.

அது, சண்டையில் இடம்பெயர்ந்து போன சனங்கள் ஊர் திரும்பி, வீட்டு வளவுகளில் பற்றை வெட்டிக் கூரைக்குத் தகரம் போட்டுக்கொண்டிருந்த காலம். நான் சேர்ந்த நிறுவனம் அவர்களுக்குத் தாராக்குஞ்சுகள் கொடுத்தது. குடும்பத்துக்கு ஒரு கூடை குஞ்சும் ஒரு மூட்டைத் தீனியும். மாதத்துக்கு ஒருமுறை போய் அந்தத் தாராக்களை வளர்ப்பவரோடு சேர்த்துப் படமெடுத்துக் கொண்டுவருவது என் வேலை. காசு கொடுத்த தூரதேசத்து மனிதர்கள் தங்கள் தாராக்கள் வளர்வதைப் பார்க்க ஆசைப்பட்டார்களாம். எங்கள் மேலாளர் ஒரே ஒரு பாடம்தான் நடத்தினார். ஆளும் தெரிய வேணும், தாராவும் தெரிய வேணும். வெளிச்சம், கோணம் என்ற சங்கதியெல்லாம் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்த நாளில் எங்கள் ஊரில் கமராவோடு திரிவது லேசான காரியமில்லை. துறைமுகத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் படமெடுக்கக் கூடாத ஏதாவது ஒன்று நிற்கும். மூதூருக்குப் போகும் லோஞ்சில், அந்த மோட்டார்ப் படகில், ஏறியதும் கமராவைச் சோற்றுப் பார்சலுக்குக் கீழே வைத்துப் பையை மடியில் அணைத்துக்கொள்வேன். உலகத்திலேயே அழகான துறைமுகம் என்று பெருமையடிக்கிறோமே, அதை எத்தனையோ விடியல்களில் கமராவை மடியில் வைத்துக்கொண்டே கடந்திருக்கிறேன். ஒரு படம் எடுத்ததில்லை. ஒருமுறை இறங்குதுறையில் ஒரு நேவிக்காரர் கமராவை வாங்கி, உள்ளே இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். தாரா. அடுத்ததும் தாரா. அதற்கடுத்தது தாராவின் பின்பக்கம் மட்டும். அவர் முகம் மெல்ல மாறியது.

“தாராவா?” என்றார்.

சிங்களத்திலும் அதற்கு அதுதான் பெயர் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். ஓம், தாரா என்றேன். இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரே சொல் அதுவாயிருந்தது. அதற்குப் பிறகு என்னைக் கண்டால் “தாரா மிஸ்” என்று கையசைத்து விட்டுவிடுவார்.

அக்கரையில் நிசார் மோட்டார் சைக்கிளோடு காத்திருப்பார். கிண்ணியாக்காரர், எங்கள் நிறுவனத்தின் கால்நடை உத்தியோகத்தர். கிண்ணியாவிலிருந்து தரைவழியாக வர அவர் ஆறுகளைப் பாதையில் கடக்க வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவை. தன் ஆயுளில் பாதி பாதைக்குக் காத்திருந்தே போய்விட்டதென்பார். ஆனால் ஒருநாளும் எனக்குப் பிந்தி வந்ததில்லை.

கட்டைபறிச்சான் குளத்தங்கரையில் தாராக்களுக்கு நடுவே யாரோ வளர்த்த ஒரு சோடி வாத்தும் இருந்தது. குளம் தங்களுடையது என்பது அவற்றின் முடிவு. முதல்நாள் நான் கமராவைத் தூக்கியதும் இரண்டும் கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு வந்தன. “ஓடாதீங்க மிஸ், ஓடினா பின்னால வந்து கலைக்கும்” என்று நிசார் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் கால்கள் அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டன. வழுக்கி, இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்தேன். கமரா பிடித்த கை மட்டும் தலைக்கு மேலே நின்றது. கரையில் நின்ற பெண்கள் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் பொத்தாமல் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்து என்னைத் தூக்கிவிட்டாள். அவள்தான் புஸ்பம். தன் வீட்டுக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் அள்ளி வார்த்து, உடுத்திக்கொள்ளத் தன் சட்டை ஒன்றைத் தந்தாள். அது எனக்கு இரண்டு ஆள் அளவு. அன்றைய மிச்சப் படங்களை அந்தச் சட்டையோடுதான் எடுத்தேன்.

அடுத்த மாதம் போனபோது புஸ்பம் ஒரு தாராவை இடுக்கிக்கொண்டு எனக்கு வாகாக நின்றாள். எடுத்து முடிந்ததும் நகரவில்லை.

“மிஸ், உங்கட வேலை முடிஞ்சா, எங்கட பிள்ளையையும் என்னையும் ஒண்டு எடுப்பீங்களோ? எங்களிட்ட ஒரு படமும் இல்லை.”

கலியாண அல்பம், பிள்ளை பிறந்தபோது எடுத்தது, புஸ்பத்தின் செத்துப்போன தகப்பனுடையது, எல்லாம் வீட்டோடு போய்விட்டன. பிள்ளைக்குத் தான் குழந்தையாக எப்படி இருந்தேன் என்று தெரியாது. புஸ்பத்துக்குத் தன் தகப்பனின் மூக்கு இப்போது சரியாக ஞாபகமில்லை. இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. மழை வரப்போகிறது என்பதைப்போலச் சொன்னாள். எடுத்தேன். டவுனில் ஒரு ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு அடுத்த பயணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதோடு ஊருக்குக் கதை பரவிவிட்டது. பிறகு நாங்கள் போகும் நாட்களில் குளத்தங்கரை கோயில் திருவிழா போலிருக்கும். பிள்ளைகளுக்கு நெற்றி நிறையப் பவுடர். பெண்கள் எங்கிருந்தோ இரவல் வாங்கிய சேலைகளில். ஒவ்வொருவர் கையிலும் மறக்காமல் ஒரு தாரா. தாரா இல்லாவிட்டால் மிஸ்ஸுக்கு வேலை போய்விடும் என்று அவர்களே தீர்மானித்திருந்தார்கள். மேலாளர் படங்களைப் பார்த்துவிட்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டா தாராவுக்குத் தீனி போடுகிறார்கள், கொஞ்சம் கஷ்டப்படுகிறவர்களாய்த் தெரியக்கூடாதா என்று கேட்டார். நிசார் மிகவும் அமைதியாக, சேர், அவங்கள் கஷ்டப்படுறதை ஏற்கெனவே நிறையப் பேர் எடுத்திட்டுப் போயிட்டாங்க என்றார். மேலாளர் கெட்டவரல்ல. படங்களை அப்படியே அனுப்பிவைத்தார்.

படத்துக்கு வராத ஒரே மனிதர் புஸ்பத்தின் கணவர் தங்கராசா. கமரா வெளியே வந்தால் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். இடம்பெயர்ந்திருந்த முகாமில் நம்பர் எழுதிய அட்டையை நெஞ்சில் பிடிக்கச் சொல்லிப் படமெடுத்தார்களாம், அதிலிருந்து அவருக்கு அது ஏலாது என்று புஸ்பம் ஒருநாள் தாழ்ந்த குரலில் சொன்னாள். நான் வற்புறுத்தவில்லை. எனக்கும் அவருக்கும் இடையிலிருந்த பழக்கமெல்லாம், புறப்படும்போது அவர் வேலிக்கு மேலால் நீட்டும் ஒரு பை தாரா முட்டைதான்.

மழைக்காலம் தொடங்கி, குளம் நிறைந்திருந்த ஒரு நாள். புஸ்பத்தின் தாரா ஒன்று நடுக்குளத்தில் தாமரைக்கொடியில் சிக்கிக்கொண்டு சிறகடித்துக்கொண்டிருந்தது. தங்கராசா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நெஞ்சளவு தண்ணீரில் போய்க் கொடியை அறுத்து, தாராவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பினார். கரைக்கு வரும்போது அந்த நன்றிகெட்ட தாரா அவர் காதைக் கவ்வியது. பிள்ளை கைதட்டிச் சிரித்தாள். அவரும் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு சிரித்தார். நான் எடுத்துவிட்டேன். கேட்டுக்கொண்டு எடுக்கவில்லை, கை தானாக அழுத்திவிட்டது. சத்தம் கேட்டு அவர் திரும்பிப் பார்த்தார். வேலிப்பக்கம் போகவில்லை.

“வடிவா வந்திருக்கோ?” என்றார்.

கமராவில் காட்டினேன். ஈரக்கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, வெயில் படாமல் கையால் மறைத்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு, தாராவும் நல்லா விழுந்திருக்கு மிஸ் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த அறுவடைக்கு அவர் இல்லை. வயலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. நிசார்தான் எனக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வீட்டில் வைக்கப் படம் வேண்டுமென்று புஸ்பம் பிள்ளையோடு லோஞ்சேறி டவுனுக்கு வந்தாள். ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், செத்தவர்களுக்குப் படம் செய்து கைதேர்ந்தவர். தங்கராசாவைக் கணினியில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, வெறும் மேலோடு இருக்கிறார், ஒரு கோட்டும் டையும் போட்டுவிடுவோம், தலையை நேராக்கலாம், இந்தத் தாராவை எடுத்துவிட்டுப் பின்னுக்கு நீலம் கொடுக்கலாம் என்றார். சொல்லிக்கொண்டே கோட்டைப் போட்டும் காட்டினார். திரையிலிருந்து யாரோ ஒரு வங்கி முகாமையாளர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளை தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

புஸ்பம் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தாள்.

“இவர் ஆரெண்டு எனக்குத் தெரியேல்லை அண்ணை. கோட்டைக் கழட்டுங்கோ. அவர் இருந்த மாதிரியே இருக்கட்டும்.”

தாராவை எடுப்பதா என்று அவர் கேட்டார்.

“அது காதைக் கடிச்சபடியாத்தானே அவர் சிரிச்சவர்” என்றாள் புஸ்பம். “அது போனா அந்தச் சிரிப்புக்கு என்ன காரணம் சொல்றது?”

கோட்டு போனது, குளம் திரும்பி வந்தது. முப்பத்தொன்றுக்கு நானும் நிசாரும் போனபோது மாலைக்குள்ளே, காதில் தாராவோடு, தங்கராசா சிரித்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு ஒவ்வொருவராய் அந்தத் தாராவின் கதையைக் கேட்டார்கள். புஸ்பம் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள். செத்தவீட்டில் அழுததைவிட அன்று அதிகம் அழுதாள், ஆனால் சொல்லுந்தோறும் நடுவில் ஓரிடத்தில் சிரித்தாள்.

அதன்பின் எல்லாம் கரைந்துபோக வெகுகாலம் எடுக்கவில்லை. நிறுவனம் தன் வேலையை முடித்துக்கொண்டு போனது. கணினிகள் கொழும்புக்குப் போயின, அவற்றுக்குள் படமாய்க் கிடந்த ஆயிரமாயிரம் தாராக்களும். ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது போன் திருத்தும் கடை. பாதைகள் ஓடிய ஆறுகளின் மேல் பாலங்கள் வந்துவிட்டன. நிசார் இன்னும் கிண்ணியாவில்தான் இருக்கிறார். இப்போது எல்லா இடத்துக்கும் பிந்தித்தான் போகிறாராம். காத்திருக்க இடமில்லாவிட்டால் மனிதனுக்கு நேரம் பிடிபடாது என்பது அவர் வாதம்.

நிலாவெளிக் கலியாணம் முடிந்த அடுத்த கிழமை மனம் கேளாமல் கட்டைபறிச்சானுக்குப் போனேன். பாலங்களுக்கு மேலால் பஸ் பறந்தது. புஸ்பத்துக்கு முடி நரைத்துவிட்டது. மகள் கலியாணம் முடித்துப் பக்கத்து வளவில் இருக்கிறாள். நானும் புஸ்பமுமாகக் குளத்தடிக்கு நடந்தோம். கரையில் சில பிள்ளைகள் போனில் தங்களைத் தாங்களே எடுத்துக்கொண்டிருந்தார்கள். குளத்தில் தாமரை இலை மட்டும் மூடிக் கிடந்தது. ஒரு இறகைக்கூடக் காணவில்லை. நாய்த் தொல்லை, தீனி விலை, வளர்க்க ஆளில்லை என்று புஸ்பம் காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு அந்தப் பிள்ளைகளைப் பார்த்தபடி நின்றாள்.

“இப்ப எல்லாரிட்டையும் படம் இருக்கு மிஸ்” என்றாள். “தாராதான் இல்லை.”