விழுந்தவளுக்கு இரண்டு நிமிடம்

பர்மாவில், தின்கன்ஜூன் பகுதியில் மின்சாரம் போய்விட்டது. தகரக் கொட்டகைக்குள் மின்விசிறி நின்ற புழுக்கத்தில், பத்து வயதுச் சிறுமிகள் இருவர் பர்மியக் குத்துச்சண்டையான லெத்வெய் பழகுகிறார்கள். வயிற்றில் ஒரு குத்து விழுகிறது. செல்வி சுருண்டு விழுகிறாள்.

நான் பதறி எழுகிறேன். பக்கத்தில் அவள் அம்மா, இங்கே மளிகைக்கடை வைத்திருக்கும் தமிழ்ப் பெண், துண்டை முறுக்கியபடி நிற்கிறார்.

"நிறுத்தச் சொல்லுங்கம்மா."

"பொறுங்கண்ணே. விழுந்தவங்களுக்கு ரெண்டு நிமிஷம் குடுக்குறது லெத்வெய் வழக்கம். அப்புறம் மறுபடி எறங்குறதா வேணாமான்னு அவதான் சொல்லணும். நான் பேசக்கூடாது."

எல்லோரும் 'சயா' என்றழைக்கும் ஆசிரியர் செல்வியின் தலையில் தண்ணீர் ஊற்றுகிறார். சுற்றியுள்ள பிள்ளைகள் மடக்கிய கையை உள்ளங்கையால் அறைந்து அவளைக் களத்துக்கு அழைக்கிறார்கள். அந்தச் சத்தம் கூடிக்கொண்டே போகிறது. செல்வி மெல்ல எழுகிறாள். மறுபடி இறங்குகிறாயா என்று சயா கேட்கிறார்.

"போதும் சயா" என்கிறாள் பர்மிய மொழியில். சத்தம் அடங்குகிறது.

அம்மாவின் கை இப்போதுதான் தளர்கிறது.

"பள்ளிக்கூடத்துல யாரு கேட்டாலும் பென்சில், சோறு எல்லாத்தையும் குடுத்துட்டு வந்து நிப்பா. வேணாம்னு ஒரு வார்த்தை வராது. அதுக்குத்தாண்ணே இங்க சேர்த்தேன்."