பின்கேட்டும் பூஜையும்

மார்டள்ளியிலிருந்து பிழைக்க வந்த மரியராஜ், மைசூரில் கணபதிராமன் பங்களாவின் கேட்டில் நின்றே தலை நரைத்தவர். காக்கிக் கோட்டு, எண்ணெய் தடவி முறுக்கிய மீசை, கேட்டை ஒட்டி ஓர் ஒற்றை அறை, அதில் மூச்சிரைப்புக்கார மனைவி செலின். ஊர்ப்பக்கம் அவருக்கு நிலமும் இல்லை, வீடும் இல்லை. அந்த அறையை விட்டால் போக்கிடம் கிடையாது.

சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்த புதுசு. கணபதிராமன் அதிலும் பெரிய உத்தியோகத்தில்தான் இருந்தார். சிபாரிசு கேட்டு ஏழைபாழைகள் முன்கேட்டுக்கு வந்தால், "சாமி பூஜையில இருக்காருங்க" என்று மரியராஜ் சொல்ல வேண்டும். பூஜையோடு யார் மல்லுக்கட்டுவது? வந்தவன் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவான். இருட்டுகிற நேரத்தில் காண்டிராக்டர்கள் வந்தால் பின்கேட்டைத் திறந்துவிட வேண்டும். அவர்களுக்கு மட்டும் பூஜை கிடையாது. நடக்காத பூஜையைச் சொன்ன பாவத்தை மரியராஜ் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிச் சொல்லி, பங்குச் சாமியாருக்கே அலுத்துவிட்டது.

அந்த வீட்டுப் பிள்ளை சாம்பு, எழுத்தாளன். அப்பாவுக்குத் தெரியாமல் கேட்டருகே வந்து சிகரெட் பிடிப்பான். அதற்கும் காவல் மரியராஜ்தான். ஒருநாள் புகையை விட்டுக்கொண்டே சொன்னான்:

"மரியராஜ், என் நாவல் அச்சாயிடுத்து. அதிலே உன்னைத்தான் எழுதியிருக்கேன்."

"என்னையவா சின்ன சாமி?"

"உன் மீசை, உன் கோட்டு, உன் இருமல், எல்லாம் வரது."

மரியராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. செலினிடம் ஓடிச் சொன்னார். "நல்லதா எழுதிருக்காங்களா, கெட்டதாவா?" என்று அவள் கேட்டாள். அதைக் கேட்க அவருக்குத் தோன்றவேயில்லை.

நாவலில் வரும் காவல்காரன் முன்வாசலில் யோக்கியன், பின்வாசலில் கைநீட்டுபவன். ஊரிலிருந்த தமிழன்பர்கள் கூடிப் பாராட்டுக் கூட்டம் போட்டார்கள். பிள்ளை எழுதியதைப் புரட்டிக்கூடப் பாராத கணபதிராமன், மாலையும் கழுத்துமாக முன்வரிசையில் உட்கார்ந்தார். மாலைக்கூடையைச் சுமந்து வந்த மரியராஜ் வாசலோடு நின்றுகொண்டார். உள்ளே வந்து உட்கார் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

பேச வந்த கல்லூரி ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். "இந்தக் காவல்காரனைத் தனி ஆளாகப் பார்க்கக் கூடாது. அவன் ஒரு குறியீடு. நாவலில் வீட்டு எஜமானர் மேஜைக்கு மேலே நியாயம் பேசுகிறார், கீழே கைநீட்டுகிறார். அம்மாள் ஏழைத் தம்பியை வாசலோடு அனுப்பிவிட்டு, பணக்காரத் தங்கைக்கு இலை போடுகிறாள். மகனுக்கு எல்லாம் தெரியும், வாயைத் திறப்பதில்லை. ஆளுக்கொரு முன்வாசல், ஆளுக்கொரு பின்வாசல். காவல்காரனிடம் நாம் பார்ப்பது இவர்கள் முகத்தைத்தான்."

கைதட்டல் எழுந்தது. பின்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவர் காதைக் கடித்தார். இருவரும் கணபதிராமனின் முதுகைப் பார்த்துச் சிரித்தார்கள். ஊருக்கே தெரிந்த பின்கேட்டு அல்லவா அது!

கணபதிராமன் கழுத்து மாலையைக் கழற்றக்கூட மறந்து காரில் ஏறினார். மறுநாள் காலையில் மரியராஜைக் கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் அவர் மனைவி அன்னபூர்ணி நின்றாள். கதவோரம் சாம்பு.

"பின்கேட்டைத் திறந்துவிட்டுக் கண்டவன்கிட்டே காசு வாங்கிண்டிருக்கே. ஊரெல்லாம் என் தலையை உருட்டறது. அறையைக் காலி பண்ணு."

"சாமி, நீங்க சொல்லித்தானுங்களே தொறந்துவுட்டேன்?"

"யாரு, நானா? புஸ்தகத்திலேயே வந்திருக்குடா!"

மரியராஜ் சாம்புவைப் பார்த்தார். அது கதை, நானாக எழுதியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாம்பு உள்ளே போய்விட்டான்.

அத்தனை பேர் முகமும் காவல்காரனிடம் தெரிந்தது, சரிதான். ஆனால் எஜமானரை யார் நீக்குவது? அம்மாளை யார் நீக்குவது? எழுதிய பிள்ளையைத்தான் நீக்க முடியுமா? அந்த நாவலில் வேலையை விட்டு நீக்கக்கூடிய பாத்திரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "காவல்காரன்தான் களவாணியாம், துரத்திவிட்டாராம்" என்று ஊர் பேச்சை மாற்றிக்கொண்டது. கணபதிராமனுக்குப் போன மானம் திரும்பி வந்தது.

தெரிந்தவர் ஒருவரின் மாட்டுக்கொட்டகையில் செலினைப் படுக்கவைத்துவிட்டு, மரியராஜ் சாம்புவைத் தேடிப் போனார். அவன் மனசு வைத்தால் அறையாவது மிஞ்சும் என்று நம்பினார். கேட்டில் கெம்பையன் என்ற புது ஆள் நின்றான். மரியராஜின் காக்கிக் கோட்டு அவனுக்குத் தோளில் தொளதொளத்தது. மாடி ஜன்னலில் சாம்புவின் தலை தெரிந்து மறைந்தது. உள்ளே போய்க் கேட்டு வந்த கெம்பையன் கன்னடத்தில் சொன்னான்.

"சிக்க எஜமானரு பூஜேலித்தாரே."

சின்ன எஜமானர் பூஜையில் இருக்கிறாராம்! பூணூலைக் கழற்றி ஆணியில் மாட்டி வைத்திருப்பவன் சாம்பு. வயிறு எரிந்த எரிச்சலிலும் மரியராஜுக்குச் சிரிப்பு வந்தது.

"அப்படிச் சொல்லாதப்பா. பூஜைங்கறது பெரியவருக்கு. சின்னவரு பூஜை பண்ணமாட்டாருன்னு எல்லாத்துக்கும் தெரியும். குளிக்கறாருன்னு சொல்லு. அப்பத்தான் நம்புவாங்க."

தமிழ் வீடுகளிலேயே வேலை பார்த்துப் பழகிய கெம்பையனுக்கு அது புரிந்தது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சின்ன எஜமானர் குளிக்கிறார் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். மரியராஜ் அதை நம்பியவர் போலக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.