குழாய் டாக்டரின் பின்முற்றம்

தெருவில் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். யாரோ கேலியாக ஆரம்பித்து வைத்தது. ஆனால் கேலியைக் கேலி என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்குக் கிடையாது. மனதார ஏற்றுக்கொண்டு, விசிட்டிங் கார்டிலும் வண்டியின் இரண்டு பக்கமும் எழுதிப் போட்டுவிட்டார். வீட்டுச் சாக்கடையோ மழைநீர்க் குழாயோ, எங்கே அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்து எடுத்துவிடுவது அவர் தொழில். கெட்டிக்காரர், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவருக்கும் துளிகூட இல்லை என்பதுதான் வீட்டில் இருந்தவர்களுக்குத் தலைவலி.

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் கருவிப்பெட்டியைக் கீழே வைக்கமாட்டார். முதலில் குடும்பத்தை வரிசையாக நிற்கவைத்துப் பார்ப்பார். பிறகு தாழ்ந்த குரலில், "உள்ள என்ன போட்டீங்க?" என்பார்.

"ஐயோ, ஒண்ணுமே போடலையே!" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். மாடி வீட்டில் கீழ் வீட்டையும், கீழ் வீட்டில் மாடி வீட்டையும் கை காட்டுவார்கள். டாக்டர் மறுத்து ஒரு வார்த்தை பேசமாட்டார். சுருள்கம்பியை உள்ளே விட்டுத் திருகி, வந்ததை ஒரு பழைய செய்தித்தாள்மேல் பரப்பி வைத்துவிட்டு, "எல்லாரும் கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிடுவார். காலுறை வரும், பொம்மையின் தலை வரும். ஒரு பெரிய மனிதர் வீட்டில், மூன்று பேர்மேல் பழி விழுந்திருந்த பல்செட் வந்தது. இவ்வளவு வேகமாகக் கூட்டம் கலைவதை வேறு எந்த நிகழ்ச்சியிலும் பார்க்க முடியாது. கடைசியில் டாக்டரும் செய்தித்தாளும் மட்டும் மிஞ்சுவார்கள். அவருக்கு அந்த நிமிஷத்தில் கிடைத்த திருப்தி சாப்பாட்டில்கூடக் கிடைத்ததில்லை.

வீட்டில் அவர் வேறு மனிதர். செருப்பைக் கழற்றும்போதே தொழிலையும் கழற்றிவிடுவார். "நாள் பூரா அடுத்தவங்க சாக்கடையில நிக்கறேன். வீட்டுக்கு வந்தா அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது" என்பது அவர் போட்ட சட்டம். சமையலறைத் தொட்டியில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது என்று மனைவி சொன்னால், "மெதுவாவாவது இறங்குதுல்ல?" என்று திருப்பிக் கேட்பார்.

மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் துணி தைப்பவள். அவளுடைய அப்பா அவர்களோடுதான் இருந்தார். சமையலறை ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மருமகனைப் பற்றிய தன் கருத்துகளை இருமலாக வெளியிடுவது மாமனாரின் பொழுதுபோக்கு.

அந்த வருஷம் வெயில் காலத்தில் டாக்டருக்குத் திடீரென்று அழகுணர்ச்சி வந்தது. மண்ணும் சிமெண்டுமாகக் கிடந்த பின்முற்றத்துக்குத் தன் கையாலேயே டைல்ஸ் போட்டார். நீலத்தில் வெள்ளைப் பூ. "ஹோட்டல் மாதிரி இருக்கில்ல?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டார். மாமனார் மட்டும் எந்த ஹோட்டல் என்று கேட்டார்.

பிறகு மழை வந்தது. முதல் மழையிலேயே முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பூக்களெல்லாம் தண்ணீருக்கடியில் மிகவும் தெளிவாகத் தெரிந்தன.

"என்னங்க, தண்ணி போகவே மாட்டேங்குது."

"தெருவுல மெயின் வடிகாலே நிரம்பிக் கிடக்கும். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? மேலிடத்துல போய்ச் சொல்லு."

மழை விட்டது. தெருவில் தண்ணீர் வடிந்து காய்ந்தது. முற்றத்தில் மட்டும் அப்படியே நின்றது. டாக்டர் திண்டாடவில்லை. "உன் நூலும் துணி வெட்டினதும் போய் அடைச்சிருக்கும்" என்றார். முன்னறைத் துணி வெட்டல் சமையலறையைக் கடந்து பின்முற்றத்துக்கு எந்தக் காலால் நடந்து போயிருக்கும் என்று அவள் கேட்டாள். "அப்ப உங்கப்பா ஜன்னல் வழியா கொட்டற டீத்தூள்" என்றார். ஜன்னல் பக்கமிருந்து நீளமான இருமல் ஒன்று கேட்டது.

"குழாய்க்குள்ள விடுவீங்களே, அந்தக் கேமராவைத்தான் ஒருதரம் விட்டுப் பாருங்களேன்."

"அது கஸ்டமருக்கு."

அந்த ஒரு வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டில் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் தனியாக இருந்தார். தெருவே அவரை நூலகத்தம்மா என்றது. அவர் வீட்டு முற்றத்திலும் தண்ணீர் நின்றது. பக்கத்து வீட்டுக்காரரையே எப்படிக் கூப்பிடுவது என்று கூச்சப்பட்டுக்கொண்டு, செங்கல் அடுக்கி அதன்மேல் நடந்துகொண்டிருந்தார்.

மனைவி மதில்மேல் எட்டிப்பார்த்து, "அக்கா, நீங்க சுவரைத் தாண்டிக் கூப்பிடாதீங்க. போன் பண்ணுங்க" என்றாள்.

"இங்கதானேம்மா இருக்கார்?"

"இருக்கார்க்கா. ஆனா போன் பண்ணாத்தான் வருவார்."

நூலகத்தம்மா போன் செய்தார். டாக்டர் அப்போது கூடத்தில் பனியனோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். போனில் பேசிய குரல் ஜன்னல் வழியாகவும் கேட்டது. ஆனாலும் அவர் முதுகு நிமிர்ந்தது, குரல் கனத்தது. "வணக்கம், டாக்டர் பேசறேன்... அப்படீங்களா?... தண்ணி எத்தனை நாளா நிக்குது?... கவலையே படாதீங்க, உடனே புறப்படறேன்."

புறப்பட்டார். தொழில் சட்டை போட்டு, தொப்பி வைத்து, வண்டியைக் கிளப்பிக் கேட்டைத் தாண்டி, வலது பக்கம் திரும்பி அடுத்த கேட்டில் நிறுத்தினார். மனைவி தையலை நிறுத்தி வேடிக்கை பார்த்தாள். வண்டியின் முன்பக்கம் அங்கே நின்றபோது பின்பக்கம் இன்னும் சொந்த வீட்டு வாசலில்தான் இருந்தது.

"உள்ள என்ன போட்டீங்க?" என்றார் டாக்டர்.

"மழைத் தண்ணியைத் தவிர ஒண்ணும் போடலை" என்றார் நூலகத்தம்மா.

முற்றத்து மூலையில் இருந்த வடிகால் தொட்டியின் மூடியைத் திறந்து, கேமரா முனையை உள்ளே விட்டார். கூடவே சொற்பொழிவும் தொடங்கியது. குழாயைப் பதிக்கும்போது சிலபேர் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்வார்கள். மேஸ்திரிகள் அவசரக்காரர்கள். வேலை முடிந்ததும் திரும்பிப் பார்க்கிற வழக்கம் இந்தத் தொழிலில் அற்றுப்போய்விட்டது. நூலகத்தம்மா வெயிலுக்குக் குடையைப் பிடித்தபடி மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார். திரையில் குழாய் சுத்தமாக, வழவழவென்று போய்க்கொண்டே இருந்தது. பிறகு கறுப்பாக ஏதோ மறித்தது.

"ஆங், வேர்! சொன்னேன்ல? மரம் வேர் விட்டிருக்கு."

நூலகத்தம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். நாற்பது வருஷமாகச் சின்ன எழுத்துகளைப் படித்த கண். "வேர்ல பட்டன் இருக்குமா டாக்டர்?" என்று ஒன்றும் அறியாதவராகக் கேட்டார்.

டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "வெளிச்சம் அப்படிக் காட்டும்" என்றார்.

அடைப்பு எங்கே இருக்கிறது என்று மேலிருந்தே கண்டுபிடிக்க அவரிடம் ஒரு கைக்கருவி உண்டு. கேமரா முனை தரைக்கடியில் எங்கே இருக்கிறதோ, அதற்கு நேர்மேலே வந்தால் பீப், பீப் என்று கத்தும். டாக்டர் அதைத் தரையை ஒட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தார். கருவி முனகியது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினார், துணிக்கொடியைத் தாண்டினார். கருவி உற்சாகமாகிக்கொண்டே போனது. மதில் சுவர் வந்தது. சுவரில் முட்டிக்கொண்டு நின்றார். கருவி அந்தப் பக்கம் போகச் சொன்னது.

"பேட்டரி வீக்காயிடுச்சு போல" என்றார்.

புது பேட்டரி போட்டார். கருவி இன்னும் தெளிவான குரலில் அதையே சொன்னது.

அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. நூலகத்தம்மா வீட்டு மழைநீர்க் குழாய், மதிலுக்கடியில் புகுந்து, அவருடைய முற்றத்தின் வழியாகத்தான் தெரு வடிகாலுக்குப் போகிறது. வேறொன்றும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், ஏனென்றால் முகம் கொஞ்சம் வெளுத்தது. "நாளைக்குப் பார்த்துக்கலாம்மா. இது கொஞ்சம் சிக்கலான கேஸு" என்று கருவியை அணைக்கப் போனார்.

"உள்ள வாங்களேன்" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. மனைவி பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். கையில் கடப்பாரை. "எப்படியும் வேணுமேன்னு எடுத்து வெச்சேன்."

டாக்டர் தெருவைச் சுற்றி, தன் வீட்டு வாசல் வழியாக நுழைந்து, முன்னறை, கூடம், சமையலறை என்று தாண்டிப் பின்முற்றத்துக்கு வந்தார். பின்னால் குடையோடு நூலகத்தம்மா. மாமனாரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்துவிட்டார். இருமல் அடியோடு நின்றிருந்தது.

தண்ணீருக்குள் இறங்கி நடந்தார். பீப், பீப், பீப். முற்றத்தின் நட்டநடுவில், இருப்பதிலேயே பெரிய வெள்ளைப் பூவின்மேல் வந்ததும் கருவி மூச்சுவிடாமல் அலறியது.

"இந்த இடத்துல ஒரு மூடி இருந்துச்சே" என்றாள் மனைவி.

"அசிங்கமா இருந்துச்சு. அதான்..."

"அதான்?"

"மேல டைல்ஸ் போட்டேன்."

"கீழ?"

டாக்டர் கடப்பாரையை வாங்கி, அந்தப் பூவின் நடுவில் ஓங்கிக் குத்தினார். அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது; யார்மேல் என்று அவருக்கே விளங்கவில்லை. பூ நாலாக உடைந்தது. சிமெண்டைப் பெயர்த்து, அடியில் இருந்த மூடியை நெம்பித் தூக்கி, தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவினார். முதலில் ஒரு சாக்கு வந்தது. அதற்குப் பின்னால், சுருட்டி அடைத்த கட்டம் போட்ட சட்டை ஒன்று வந்தது. உருவி எடுத்ததும் குழாய் பெரிதாக ஏப்பம் விட்டது. முற்றத்துத் தண்ணீர் சுழித்துக்கொண்டு அந்த வழியே இறங்கியது. சற்று நேரத்தில் மதிலுக்கு அப்பால் நூலகத்தம்மாவின் செங்கல்களும் வெளியே தெரிந்தன.

டைல்ஸ் போடும்போது சிமெண்டுப் பால் குழாய்க்குள் போய்விடக்கூடாது என்று கைக்கு அகப்பட்டதைத் திணித்து வைத்திருந்தார். நல்ல தொழில்காரன் செய்கிற வேலைதான். நல்ல தொழில்காரன் பிறகு அதை எடுத்தும் விடுவான்.

மனைவி உள்ளே போய் ஒரு பழைய செய்தித்தாளைக் கொண்டுவந்து தரையில் விரித்தாள். டாக்டர் சட்டையை அதன்மேல் வைத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் வந்து பாருங்க" என்றார் மாமனார். மூன்று பேரும் அங்கேயேதான் நின்றிருந்தார்கள்.

"இது உங்க சட்டைதானே?" என்றாள் மனைவி. சட்டையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வேறொரு கணக்கு விளங்கியது. "இதைத் தொலைச்சுட்டார்னுதானே நான் சலவைக்கடைக்காரரைத் தெருவுல நிக்கவெச்சு அந்தக் கத்து கத்தினேன்? அந்த மனுஷன் பொண்டாட்டிகூட என்னோட பேசறதில்லை. உங்களையும்தானே கேட்டேன்? என்ன சொன்னீங்க? அவன் எப்பவுமே அப்படித்தான்னு சொன்னீங்க!"

"தொழில் நெருக்கடியில மறந்திருப்பேன்" என்றார் டாக்டர்.

"நான் கிளம்பறேன்" என்றார் நூலகத்தம்மா. நாகரிகம் தெரிந்தவர். ஆனால் மறுநாளே தெரு முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. நாகரிகத்துக்கும் ஒரு எல்லை உண்டு.

டாக்டர் அந்த வாரமே உடைந்த இடத்தில் திறந்து மூடுகிற மாதிரி இரும்பு மூடி ஒன்று போட்டார். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. மனைவிக்குப் பிடித்திருந்தது. தொழிலில் ஒன்றும் குறைவில்லை. ஒருசில வீடுகளில் அவர் வாயைத் திறக்கும் முன்பே குடும்பத்தார், "நீங்க எதுவும் போடலையே டாக்டர்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர் காதில் வாங்காமல் சுருள்கம்பியைத் திருகினார்.

சலவைக்கடைக்குப் போக அவருக்கு மேலும் சில நாள் பிடித்தது. மனைவி விடவில்லை. சட்டையை ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்து, தெருமுனைவரை கூடவே வந்து, அங்கே நின்றுகொண்டாள்.

கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு பையை மேஜைமேல் வைத்தார்.

"துணி விஷயமா நமக்குள்ள ஒரு சின்னத் தகவல் பிழை நடந்துபோச்சு" என்றார்.

"யாருக்குள்ள?"

டாக்டர் திரும்பித் தெருமுனையைப் பார்த்தார். அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"என் பக்கம்தான்" என்றார். "உங்கமேல ஒரு தப்பும் இல்லை. மன்னிச்சுக்குங்க." இதைச் சொல்ல அவருக்குக் கடப்பாரையைத் தூக்கியதைவிட அதிகமாக வியர்த்தது.

கடைக்காரர் பையைப் பிரித்தார். ஒரு நொடி முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சரி, விடுங்க டாக்டர். இதை நான் துவைக்கணுமா, இல்ல வெறுமனே காட்டத்தான் கொண்டுவந்தீங்களா?"