சந்தைக்கு இறங்கும் நாளுக்கு ஒரு மாத்திரை

போன வாரம் மலைமேல் இருக்கிற நெல்லிவாசல்நாட்டுக்கு ஷேர் ஜீப்பில் போனேன். துக்கம் விசாரிக்க.

வருஷா வருஷம் எங்கள் வீட்டுக்குப் புளி கொடுக்கிற சின்னாண்டி அண்ணன் – ஐம்பத்திரண்டு வயசுதான் – ஹார்ட் அட்டாக்கில் போய்விட்டார்.

அவர் மனைவி ராணியம்மா ஒரு மஞ்சள் பையை என் முன்னால் வைத்தார். உள்ளே அட்டை அட்டையாக பிரஷர் மாத்திரை. பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை.

"மாசாமாசம் நர்சம்மா வூடு தேடி வந்து சும்மாவே குடுத்துட்டுப் போவாங்க சார். தெனம் போடச் சொல்லிதான் குடுப்பாங்க. இவுரு சந்தைக்கு எறங்குற அன்னிக்கு மட்டும் ஒண்ணு போட்டுக்குவாரு."

எனக்கு இது புதிய செய்தி இல்லை.

மலைக்குக் கீழே ஒடுகத்தூரில் நடந்த மருத்துவ முகாமில்தான் அவருக்கு பிரஷர் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கீழே கண்டுபிடித்தார்கள் இல்லையா? அதனால் அது கீழே இருக்கிற நோய் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். அப்போதே என்னிடம் சொன்னார்.

"இன்னா சார் நீங்க... பிரஷரு கீழ்நாட்டு சீக்கு. மலை ஏறுனா அதுக்கே மூச்சு வாங்கும். நம்ம வூட்டாண்ட எங்க வரப்போவுது?"

விழுந்து விழுந்து சிரித்தேன். நோட்டில் குறித்துக்கொண்டேன். ஜனங்களின் பேச்சு என்றால் எனக்கு அப்படி ஓர் ஆசை. எத்தனை கூட்டத்தில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருப்பேன்!

புளி உலுக்கிக்கொண்டிருந்தவர் மரத்தடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஜீப் கிடைத்துப் பாதி மலை இறங்குவதற்குள்... முடிந்துவிட்டது.

"கீழ எறங்குறோமேன்னு, அன்னிக்கும் ஒரு மாத்திரய எடுத்து நாந்தான் அவுரு வாயில போட்டேன் சார். முழுங்கவே இல்ல..."

ஸ்டென்ட், பைபாஸ் என்று எவ்வளவு பெரிய செலவுகளைப் பேசுகிறோம்! இங்கே மருந்து வாசல் வரைக்கும் இலவசமாக வந்திருக்கிறது. வாசலிலிருந்து வாய்க்குப் போகிற தூரம்தான் பாக்கி. அதற்கு இன்னும் ஒரு ஆள் சொல்லியிருக்க வேண்டும்.

கிளம்பும்போது ராணியம்மா சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நானும் தெனம் போடுய்யான்னு சண்ட போடுவேன் சார். 'போடி, சாரே கேட்டுட்டு சிரிச்சாரு, ஒண்ணுஞ்சொல்லல'ம்பாரு."

நானும் பிரஷர்காரன்தான். என் மாத்திரையை நான் ஒருநாளும் விட்டதில்லை.