புதுக் கை

லிஃப்ட் கதவு மூடப்போகும் நேரத்தில் சத்திபாபு செருப்புக் காலை நடுவில் நீட்டுகிறார். கதவு திரும்பத் திறக்கிறது. உள்ளே நிற்பவர்களின் முகத்தை அவர் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறார். டிஃபன் கேரியர் பிடித்த கை, ஹெல்மெட் மாட்டிய கை, மருதாணி அழியாத கை. அவற்றில் ஒன்று இதுவரை பார்க்காத கையாக இருந்துவிட்டால் அவர் குரல் குழைகிறது. "ரெண்டே நிமிஷம்ங்க. மூணாவது மாடிதான். டீ தரோம். ஒரு கழுதைக்குட்டி இருக்கு, அதைப் பாலம் தாண்ட வைக்கணும், அவ்வளவுதான்."

பாதிப் பேர் அடுத்த மாடியிலேயே இறங்கிப் படியில் நடந்துவிடுகிறார்கள். மீதிப் பேரில் ஒருவர் இருவர், டீ என்ற சொல்லுக்காகவோ அவருடைய கலங்கிய முகத்துக்காகவோ, கூடவே வருகிறார்கள்.

ஹைதராபாதில், கொண்டாப்பூரில், குழம்பும் பொரியலும் பொட்டலம் கட்டி விற்கும் ஒரு கர்ரி பாயிண்டுக்கு மேலே இருக்கிறது அந்தச் சின்ன வீடியோ கேம் கம்பெனி. மத்தியானம் ஆனால் கோங்குராக் கீரை மணம் படியேறி வந்துவிடும். அங்கே விளையாடிப் பார்த்துக் குறை சொல்வது சத்திபாபுவின் வேலை. வருகிற வெள்ளிக்கிழமை ஒரு கார்ட்டூன் படம் வெளியாகிறது. அதோடு சேர்ந்து போனில் வரவேண்டிய விளையாட்டை இவர்கள்தான் செய்கிறார்கள். அம்மாவைத் தேடிப் புறப்படும் பண்டு என்கிற கழுதைக்குட்டிதான் நாயகன். ஐந்து வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. முதல் லெவலில் காரட் பொறுக்க வேண்டும். இரண்டாவதில் கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே ஓட வேண்டும். மூன்றாவது, கயிற்றுப் பாலம்.

படத்தில் பண்டு அந்தப் பாலத்தைப் பாட்டுப் பாடியபடி, வாலை ஆட்டிக்கொண்டு கடக்கிறான். டிவி விளம்பரத்தில் அந்தப் பாட்டைப் பார்த்த பிள்ளைகள் அதற்காகவே விளையாட்டைத் திறப்பார்கள். ஆனால் விளையாட்டில் அந்தப் பாலத்தின் பலகைகள் கால் பட்டதும் கழன்று விழுகின்றன. காற்று வேறு வீசுகிறது. ஒரு தரம் குதித்து, அந்தரத்தில் இருக்கும்போதே இன்னொரு தரம் குதிக்க வேண்டும். அதையும் காற்று ஓயும் கணம் பார்த்துச் செய்ய வேண்டும். முதல்முறை போனைக் கையில் வாங்கியவர்களில் ஒருவர்கூட இதுவரை அக்கரை சேரவில்லை.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. தொடக்கத்தில் அது சாதுவான பாலம். செய்கிறவர்கள் நாள் முழுக்க அதையே விளையாடினார்கள். விரல் பழகியது, விறுவிறுப்பு போய்விட்டது. ஒரு பலகையை எடுத்தார்கள். அதுவும் பழகியது. காற்றைச் சேர்த்தார்கள். "சப்புனு இருக்கு" என்று முதலில் சொன்னதே சத்திபாபுதான். இப்போது அவர் ஒரு கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு மறுகையின் கட்டைவிரலால் பண்டுவை அக்கரையில் இறக்கிவிடுவார். தோற்றுப் பார்க்கலாமென்று முயன்றிருக்கிறார். வேண்டுமென்றே விழ முடிகிறது. தெரியாமல் விழ முடியவில்லை. எந்த இடத்தில் ஒரு குழந்தை தடுமாறும் என்று அவருடைய விரலிடம் கேட்டால் அது பதில் சொல்லாது, அதற்குள் தாண்டியிருக்கும்.

அதனால்தான் புதுக் கைகளைத் தேடுகிறார். இந்தத் தொழிலில் புதுக் கை ஒரு முறைதான் புதுக் கை. ஒரு தரம் விளையாடியவரின் அடுத்த ஆட்டம் எதற்கும் பயன்படாது. கூட உட்கார்ந்திருப்பவர் வாய் திறக்கக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது, உச்சுக் கொட்டக் கூடாது. சத்திபாபு இரு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, அடுத்தவர் ஆற்றில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கட்டிடத்தில் புதுக் கைகள் எப்போதோ தீர்ந்துவிட்டன. தண்ணீர் கேன் போடுகிறவர், வங்கிக் கடன் விற்க வந்த பெண், வேலை கேட்டு வந்த பட்டதாரிகள் எல்லோரும் ஆடியாயிற்று. அந்தப் பட்டதாரிகள் இதுவும் இன்டர்வியூவின் பகுதி என்று நினைத்து வியர்க்க வியர்க்க விளையாடினார்கள். வாட்ச்மேனின் இரட்டைப் பையன்கள் முதல் நாள் அழுதார்கள். இப்போது மற்ற பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். கூரியர்காரர் வாசலிலேயே நின்று சொல்லிவிடுகிறார்: "அண்ணா, கையெழுத்து மட்டும் போடுங்க. கழுதை வேணாம்."

போன மாதம் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில், அட்சதை போட வரிசையாக நீண்ட கைகளை அவர் எடைபோட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து மனைவி நாகமணி விலாவில் இடித்தாராம். அவர் மற்ற கம்பெனிகளின் குழந்தை விளையாட்டுகளுக்கு வந்த ஒற்றை நட்சத்திர விமர்சனங்களைத் தேடிப் படிக்கிறார். மற்றவர்கள் ராசிபலன் படிப்பதுபோல. 'என் பையன் சோறு வேண்டாமென்று அழுகிறான், இதைச் செய்தவர்களுக்குப் பிள்ளைகளே கிடையாதா?' என்று ஒரு தாய் எழுதியிருந்ததை மனப்பாடமாகச் சொல்வார். சொல்லிவிட்டு நகத்தைக் கடிப்பார்.

ஆந்திராவில், மண்டபேட்டைக்குப் பக்கத்து ஊர் அவருக்கு. வீட்டில் முதல் டிகிரி அவருடையது. அம்மாவுக்கு இன்னும் அந்த வேலை பிடிபடவில்லை. "விளையாடச் சம்பளம் தராங்கன்னு வெளியில சொல்லாதடா, கண்ணு பட்டுடும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். படிக்கும் காலத்தில் தம்பிக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தது சத்திபாபுதான். "இதுல என்னடா புரியல உனக்கு?" என்று கேட்டது நினைவிருக்கிறது. அந்தக் கணக்கு தனக்கு எப்போது, எப்படிப் புரிந்தது என்பது நினைவில் இல்லை. தம்பி ஒன்பதாவதோடு நின்றுவிட்டான்; இப்போது பீமாவரம் பக்கம் இறால் லாரி ஓட்டுகிறான். பாலத்தின் முன் உட்காரும்போதெல்லாம் கணக்குப் புரியாமல் விழித்த தம்பியின் முகம் ஏன் வந்து நிற்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. ஒன்றைக் கற்றுக்கொண்டவன், கற்காமல் இருந்த தன்னைத் திரும்பப் போய்ப் பார்த்துவர ஒரு வழியும் கிடையாதா?

சனிக்கிழமை, கம்பெனியை நடத்தும் பிரணீத்திடம் கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்த்தார். பிரணீத் வயதில் சின்னவர். இவரை அண்ணா என்பார், இவர் அவரை மரியாதையாக பிரணீத்காரு என்பார். பாலத்தில் மூன்று பலகைகளைத் திரும்பப் போடலாம், காற்றைப் பாதியாக்கலாம் என்றார் சத்திபாபு. பிரணீத் உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இதுவரை தோற்ற புதுக் கைகள் பெரும்பாலும் பெரியவர்களுடையவை என்பது அவர் கட்சி. பிள்ளைகள் இரண்டாம் நாளே தாண்டிவிடுகிறார்கள், வாட்ச்மேன் பையன்களே சாட்சி. எளிதாக்கினால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போனிலிருந்து அழித்துவிடுவார்கள்.

"ரெண்டாம் நாள் வரைக்கும் எத்தனை பிள்ளைங்க இருக்கும்?" என்றார் சத்திபாபு.

"அண்ணா, திங்கக்கிழமை காலையில படக் கம்பெனிக்கு அனுப்பணும். ஒண்ணு செய்யுங்க. இதைத் தொடாத ஒரு குழந்தை, ஒண்ணே ஒண்ணு கொண்டாங்க. அது தாண்டலைன்னா நானே உக்காந்து பலகை போடுறேன். தாண்டிட்டா, இனிமே பாலத்தைப் பத்திப் பேச்சே வேணாம்."

தொடாத குழந்தை ஒன்று உண்டு. அவருடைய மகள் லாஸ்யா. இரண்டாம் வகுப்பு.

அவளை அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். வீட்டில் போனைக் குப்புறக் கவிழ்த்தே வைப்பார். டிவியில் பண்டுவின் விளம்பரம் வந்தால் சேனலை மாற்றுவார். "ஊர்ல எவனெவனோ தொட்டாச்சு. உங்க பொண்ணு தொட்டா மட்டும் தீட்டா?" என்று நாகமணி கேட்டபோதும் மசியவில்லை. பண்டுவை நடக்க வைப்பது தன் அப்பாதான் என்று லாஸ்யா வகுப்பில் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் பண்டு எப்படி நடக்கிறான், சொல் பார்ப்போம் என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். இவளுக்குத் தெரியவில்லை. புளுகிணி என்று பெயர் வந்துவிட்டது. கொஞ்ச நாள் 'நான்னா, நான்னா' என்று அப்பாவிடம் கெஞ்சினாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். கெஞ்சியதைவிட அதுதான் சத்திபாபுவைக் குடைந்தது.

ஞாயிறு மத்தியானம், புளிஹோரா சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்தவளிடம் தன் போனை நீட்டினார். அவள் உடனே வாங்கவில்லை. பாவாடையில் கையை இன்னொரு தரம் துடைத்துக்கொண்டாள். பிறகு இரு கைகளையும் சேர்த்து, பிரசாதம் வாங்குவதுபோல வாங்கிக்கொண்டாள்.

அவர் பின்னால் உட்கார்ந்தார். கைகள் தொடைக்கடியில். காரட் பொறுக்கும்போது அவள் சிரித்தாள். துணிகளுக்கு நடுவே ஓடும்போது கூடவே வளைந்து நெளிந்தாள். பாலம் வந்தது. பாட்டின் முதல் வரியை முணுமுணுத்துக்கொண்டே காலை வைத்தாள். பலகை கழன்றது. விழும்போது பண்டு கனைப்பான்; அப்புறம் தொபுக்கென்று தண்ணீர்ச் சத்தம். லாஸ்யா சிரித்தபடி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

மறுபடி கனைப்பு, தொபுக். மறுபடி. பாட்டு நின்றுவிட்டது. அவளுடைய தோள்கள் காதை நோக்கி ஏறின. சத்திபாபுவின் மனசுக்குள் ஒரு குரல், 'விழு, இன்னும் ரெண்டு தரம் விழு, பிரணீத்துக்குச் சொல்லிடலாம்' என்றது. சொந்த மகள் தோற்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டிருப்பதை உணர்ந்ததும் அவரால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனார்.

நாகமணி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். கூடத்திலிருந்து கனைப்பு வரும்போதெல்லாம் அவருடைய கை நின்றது. "ஒரு வார்த்தை சொல்லிக்குடுத்தா என்ன?"

"சொல்லக் கூடாது."

"அவளுக்கு நீங்க அப்பாவா, இல்ல பரீட்சைக்கு வந்த ஆபீசரா?"

இருவரும் காதைக் கூடத்திலேயே வைத்திருந்தார்கள். கனைப்பு. தொபுக். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. குழாயை நாகமணி மூடினார். அப்போதும் சத்தமில்லை. பண்டு விழவில்லை. விழவில்லையென்றால் நடக்கிறான். ஒவ்வொரு பலகையாக அவன் போய்க்கொண்டிருப்பதை சத்திபாபு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அதில் எவ்வளவு பயம், எவ்வளவு பெருமை என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"பாலம் எப்படிம்மா இருக்கு?" என்று இங்கிருந்தே கேட்டார்.

கூடத்திலிருந்து பதில் வந்தது. "ரொம்ப ஈஸி நான்னா. நல்லா செஞ்சிருக்கே."

நாகமணி சிரித்துவிட்டார். சத்திபாபுவும் சிரித்தார். ஆபீஸ் போனை எடுத்து, பிரணீத்துக்கு 'தாண்டிட்டா' என்று எழுதினார். மூன்று மாதச் சண்டை அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிடும். முடியட்டும், தன் பிள்ளை தாண்டிவிட்டாள். அனுப்பும் முன், அவள் அக்கரை சேர்வதை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று தோன்றியது. ஓசைப்படாமல் கூடத்துக்கு வந்து அவளுடைய தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

பண்டு ஆற்றில் கிடந்தான், நாலு காலும் மேலே. அவள் மறுபடி தொடங்கினாள். இரண்டாவது பலகை. விழுந்தான். கனைப்பு இல்லை, தண்ணீர்ச் சத்தம் இல்லை. மறுபடி தொடங்கினாள்.

எழுதியதை அவர் அழித்தார். 'தாண்டலை. பலகை போடுங்க' என்று அனுப்பினார்.

அவள் திரும்பவில்லை. வலது கட்டைவிரல் பண்டுவைக் குதிக்க வைத்துக்கொண்டிருந்தது. இடது கட்டைவிரல் போனின் பக்கவாட்டில், சத்தத்தைக் குறைக்கும் பொத்தானின் மேல் இருந்தது. திரையோரத்து வெள்ளைக் கோடு எப்போதோ அடிவரை இறங்கி ஒன்றுமில்லாமல் போயிருந்தது. அதற்கப்புறமும் அவள் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் வெளுக்கும் அளவுக்கு.